டெல்ஃபி ஒருநாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

கடந்த நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஏதென்ஸிலிருந்து டெல்ஃபிக்கு ஒருநாள் சுற்றுலா சென்றோம். நானும் என் கணவரும், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளும், அவளுக்கு இளைய மகனும், 68 வயதான என் தாயாருமாக ஐந்து பேர். வேன், கைடு, மதிய உணவு ஆகியவற்றுக்கு 425 யூரோ முன்பணமாகவே கட்டியிருந்தோம். எங்களுக்கு நடந்தது, விடுமுறைக்குக் கிரேக்கம் செல்லத் திட்டமிடும் வேறு எந்தக் குடும்பத்துக்கும் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டெல்ஃபி, ஏதென்ஸிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், பர்னாசஸ் மலைச்சரிவில் இருக்கிறது. அப்பல்லோ தெய்வம் பித்தியா என்ற பெண் பூசாரியின் வாய்வழியே குறி சொல்வதாக நம்பி, அரசர்களும் நகர அரசுகளும் போருக்கு முன்னும் புதிய குடியேற்றங்களுக்கு முன்னும் இங்கே வந்து கேட்டுச் சென்றார்கள். 1892இல் பிரெஞ்சுக்காரர்கள் அகழாய்வைத் தொடங்கியபோது, இடிபாடுகளின் மேலேயே அமைந்திருந்த கஸ்த்ரி என்ற கிராமத்தை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏதென்ஸ் மக்களின் கருவூலம், அதற்கு மேலே கோயில், அதற்கும் மேலே அரங்கம், உச்சியில் ஓட்டப்பந்தயத் திடல் என்று எல்லாமே ஏற்றத்தில் உள்ளன. அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்க்க, முதியவர்களுடன் செல்பவர்களுக்கு நான்கு மணி நேரமாவது வேண்டும். குளிர்கால நேரப்படி நவம்பரிலிருந்து வளாகமும் அருங்காட்சியகமும் மாலை 3.30 மணிக்கே மூடப்படுகின்றன. இது எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் ஆட்களை அழைத்துச் செல்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

காலை 8 மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் 9.15க்கு வந்தது. மேலும் இரண்டு விடுதிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நகரத்தை விட்டு வெளியேறும்போது 10 மணி ஆகிவிட்டது. லிவாதியாவில் காப்பிக்காக 40 நிமிடம் நிறுத்தினார்கள். டெல்ஃபிக்குச் சற்று முன்னால் உள்ள அராஹோவா என்ற மலையூரில், கம்பளமும் பாலாடைக்கட்டியும் தேனும் விற்கும் ஒரே கடைக்குள் எல்லோரையும் அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேனின் கதவைத் திறக்கவே இல்லை. அழகான ஊர்தான், ஆனால் நாங்கள் கம்பளம் வாங்க வரவில்லை. ‘எப்போது கிளம்புவோம்?’ என்று என் கணவர் மூன்று முறை கேட்டதற்கும் ‘நேரம் இருக்கிறது’ என்பதே பதிலாக இருந்தது.

வழியிலேயே, நுழைவுச் சீட்டுக்கு என்று சொல்லி, பெரியவர்கள் மூவருக்கும் தலைக்கு 20 யூரோ வீதம் 60 யூரோவைக் கைடு என்று அறிமுகமான இளைஞர் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது தரவில்லை. 2.05க்கு வாயிலை அடைந்ததும், தாம் உள்ளே வர முடியாது என்றும் 3.30க்கு வேனுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றும் சொல்லி ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தார். கிரேக்கத்தில் தொல்லியல் வளாகங்களுக்குள் விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற கைடுகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தோம். அவரிடம் உரிமம் இல்லை. அதைவிட வேதனை, சீட்டு வழங்கும் இடத்தில் இருந்த பெண் சொன்ன செய்தி: நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறும் அனைவருக்கும் அனுமதி இலவசம். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அந்த இளைஞர் அங்கே இல்லை.

அம்மாவின் முழங்கால் வலியோடு கருவூலத்தைத் தாண்டி, கோயிலின் ஆறு தூண்கள் நிற்கும் இடம் வரைதான் எங்களால் ஏற முடிந்தது. 3.10க்கே காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் கீழே இறக்கத் தொடங்கினார்கள். அரங்கத்தைக் கீழிருந்தே பார்த்தோம். 1896இல் மண்ணிலிருந்து கிடைத்த வெண்கலத் தேரோட்டியின் சிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதித்து வைத்த கண்களும், அவற்றைச் சுற்றிய மெல்லிய உலோக இமைமயிரும் இன்றும் அப்படியே உள்ள சிலை அது. அந்த இமைகளைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும் என்று என் மகள் அந்தச் சிலையைத் தன் வரலாற்று நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை; நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அக்காலத்தில் குறி கேட்க வந்தவர்கள் தங்களைத் தூய்மை செய்துகொண்ட காஸ்டாலிய ஊற்று சாலையோரம்தான் இருக்கிறது. குளத்தில் காலை நனைக்காமல் கோயிலுக்குள் போகாத அம்மா அதை ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டார். வேன் நிற்கவில்லை.

பணம் கட்டுமுன் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: வளாகத்தை எத்தனை மணிக்கு அடைவார்கள், உள்ளே எத்தனை மணி நேரம் கிடைக்கும், உடன் வருபவர் உரிமம் பெற்ற கைடா. மூடும் நேரத்தையும் இலவச நாட்களையும் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் தளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள். ஏதென்ஸின் லியோசியோன் பேருந்து நிலையத்திலிருந்து டெல்ஃபிக்கு நேரடிப் பேருந்துகள் உண்டு. ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். முதியவர்கள் உடன் இருந்தால் அங்கேயே ஓர் இரவு தங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

ரசீது கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர் பணம் தரத் தேவையில்லை என்ற அறிவிப்பு கிரேக்க உணவகங்களில் இருக்கும். அன்று மாலை சாப்பிட்ட இடத்தின் மெனு அட்டையில்தான் அதை முதன்முதலாகப் படித்தேன். மறுநாள் சுற்றுலாக் காவல்துறையின் 1571 என்ற எண்ணை அழைத்தபோது அவர்கள் முதலில் கேட்டதும் ரசீதைத்தான். நிறுவனமோ, போக்குவரத்து நெரிசலால் ஏற்பட்ட தாமதத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் பதில் அனுப்பியது. அட்டை வழியே கட்டிய 425 யூரோவுக்காக வங்கியில் முறையீடு செய்திருக்கிறோம். ரொக்கமாகக் கொடுத்த 60 யூரோவை அதில் சேர்க்க முடியவில்லை.