நான்கு ஆண்டுகள் கதவைக் காத்த பெட்டியும் அதன் மூடியும்

தம் கட்டடத்தின் நுழைவுக் கதவுகளுக்குக் கண்காணிப்பு வசதியுள்ள, அதாவது தன் பழுதைத் தானே அறிந்து சொல்லும், பவர் சப்ளை வாங்கப் போவதாகவும், எங்கள் கட்டடத்தில் இருப்பதையே வாங்கலாமா என்றும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. முந்தைய இரவு ஒன்றரை மணிக்குத்தான் ஏணியின் மேல் நின்றபடி அந்தப் பெட்டியை வைதுகொண்டிருந்தேன். ஆகவே கீழே எழுதியிருப்பதில் கோபத்தின் பங்கு கொஞ்சம் கழிக்கப்பட வேண்டும்.

எங்களுடையது 12 வோல்ட், 5 ஆம்பியர் வகை. உள்ளே 7 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள மூடிய ஈய அமில பேட்டரி ஒன்று இருக்கிறது. இரண்டு காந்தப் பூட்டுகள், இரண்டு கார்டு ரீடர்கள், ஒரு கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றுக்கு அதுவே மின்சாரம் தருகிறது. காந்தப் பூட்டின் இயல்பு தெரிந்தவர்களுக்கு ஏன் கண்காணிப்பு வசதி தேவை என்று விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் இருக்கும்வரைதான் அது பூட்டு; நின்றுபோனால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். தீ விபத்தின்போது மக்கள் வெளியேற அது அவசியம். ஆனால் யாருக்கும் தெரியாமல் நள்ளிரவில் பவர் சப்ளை செத்துப்போனால், விடியும்வரை கட்டடம் திறந்து கிடக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. மலிவான பெட்டிகள் பேட்டரியைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு அதன் முனைகளில் உள்ள மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கின்றன. சார்ஜர் இணைந்திருக்கும்போது அங்கே தெரியும் 13.8 வோல்ட் சார்ஜருடையது. பேட்டரியின் உடல்நிலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எங்கள் பெட்டி அவ்வப்போது சார்ஜரைச் சில நொடிகள் விலக்கி, பேட்டரியின் மீது ஒரு சுமையைப் போட்டு, மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது என்று அளக்கிறது. மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்கு முன்பே அது பேட்டரி பழுது என்று அறிவித்தது. நான் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்; 13.7 வோல்ட் காட்டியது. பெட்டிக்குத்தான் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து மூன்று வாரங்கள் சும்மா இருந்தேன். பிறகு ஏதோ உறுத்தலில் ஒரு பகல் வேளையில் மின் இணைப்பை நிறுத்திப் பார்த்தபோது, இருபது நிமிடங்களுக்குள் இரண்டு கதவுகளும் திறந்துகொண்டன. புதிய பேட்டரி எங்கள் சுமையான 1.4 ஆம்பியரை ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். அன்று பெட்டியிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பேட்டரி அவ்வளவு விரைவில் சோர்ந்துபோனதற்கு இடமும் ஒரு காரணம். பெட்டியை மாடிப்படியின் உச்சியில், கூரையை ஒட்டி மாட்டியிருக்கிறோம். ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரியை விட வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. வெப்பத்துக்கேற்பச் சார்ஜ் மின்னழுத்தத்தைக் குறைக்கும் வசதி எங்கள் பெட்டியில் இல்லை. விலையைப் பார்த்து அதை விட்டுவிட்டவர்கள் நாங்கள்தான்.

இனி மூடிக்கு வருகிறேன். இந்தப் பெட்டி மூன்று வகைப் பழுதுகளைத் தனித்தனியாக அறிகிறது: மின்தடை, பேட்டரிக் கோளாறு, வெளியீட்டு ஃபியூஸ் போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கும் உண்டு. ஆனால் அந்த மூன்று விளக்குகளும் பெட்டிக்குள்ளே, சர்க்யூட் பலகையின் மேல் இருக்கின்றன. வெளியே தெரிவது பழுது என்ற ஒற்றை மஞ்சள் விளக்கு மட்டுமே. காவல் அறைக்குப் பழுதுச் செய்தி அனுப்பும் மின்சுவிட்சான ரிலேயும் ஒன்றே ஒன்றுதான். எது பழுது என்று அறிய வேண்டுமானால் ஏணி வைத்து ஏறி, இரண்டு திருகுகளைக் கழற்றி, மூடியைத் திறக்க வேண்டும். திறந்த அந்தக் கணத்தில், யாரோ பெட்டியைக் குலைக்கிறார்கள் என்று மூடியின் உட்புறச் சுவிட்சு இன்னொரு எச்சரிக்கையைக் காவல் அறைக்கு அனுப்பும். அந்தச் சுவிட்சு இருக்க வேண்டியதுதான். அதைக் குறை சொல்லவில்லை. நோயாளியின் நாடியைப் பார்க்கவே வீட்டின் கதவை உடைத்துக்கொண்டு நுழைய வேண்டும் என்று வடிவமைத்தவரைத்தான் சொல்கிறேன்.

அன்றிரவு நடந்ததும் இதுவே. பழுது என்று காவலர் அழைத்தார். பேட்டரியாகத்தான் இருக்கும் என்று எண்ணி, இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள மாற்று பேட்டரியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். மூடியைத் திறந்தால் ஃபியூஸ் விளக்கு எரிகிறது. இரண்டாம் ரீடருக்குச் செல்லும் கிளையின் கண்ணாடி ஃபியூஸ் போயிருந்தது. கையில் பேட்டரி இருந்தது, ஃபியூஸ் இல்லை. கீழே எச்சரிக்கை மணி அடித்தது. காவலர் அதை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

நியாயமாகச் சொல்வதென்றால், நான் இந்தப் பெட்டியின் மேல் சுமத்திய குறைகளில் ஒன்று என்னுடையது. ஜெனரேட்டருக்கு மாறும் பத்துப் பதினைந்து நொடிகளுக்கெல்லாம் மின்தடை எச்சரிக்கை வந்து, காவலர்கள் அதைப் பொருட்படுத்துவதையே விட்டுவிட்டார்கள். எச்சரிக்கையைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்தும் ஜம்பர் என்ற சிறு இணைப்புத் துண்டு பலகையிலேயே இருக்கிறது என்பதைக் கையேட்டின் நான்காம் பக்கத்தில் ஓராண்டு கழித்துத்தான் பார்த்தேன். பழுது ரிலே இயல்பு நிலையில் மின்சாரம் பெற்றபடி இருந்து, பழுதின்போது விடுபடும் வகை என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. பெட்டி முற்றிலும் செத்தாலும் செய்தி போய்ச் சேரும் என்பதே இதன் பொருள். மின்பணியாளர் ரிலேயை எதிர்ப்பக்க முனையில் இணைத்திருந்ததை அன்றுதான் கண்டுபிடித்தோம். ஓராண்டாகச் செய்தி தலைகீழாகப் போகாமல் இருந்ததற்குக் காவல் அறையின் கருவியில் யாரோ அமைப்பைத் திருப்பி வைத்திருந்ததே காரணம். அதனால் கம்பி அறுந்தால்கூட எல்லாம் நலம் என்றே காட்டியிருக்கும்.

நண்பருக்கு எழுதிய பதிலில் சிலவற்றை வலியுறுத்தினேன். மின்தடைக்கும் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் தனித்தனி ரிலே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூன்று விளக்குகளாவது வெளியிலிருந்து தெரிய வேண்டும். பெயர்ப் பலகையில் உள்ள 5 ஆம்பியரில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பங்கும் அடங்கியிருக்கலாம் என்பதால், கருவிகளுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று கேளுங்கள். பேட்டரிச் சோதனை சுமையிட்டுச் செய்யப்படுகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சார்ஜர் 17 ஆம்பியர் மணி பேட்டரியைத் தாங்கும் என்று அச்சிட்டிருந்தால், அந்த பேட்டரியை வைத்து மூடியை மூட முடியுமா என்று அளந்து பாருங்கள், எங்களுடையதில் முடியாது. தீ எச்சரிக்கைப் பலகையை மட்டும் இதில் இணைத்துவிடாதீர்கள். ஐரோப்பியத் தரங்களில் அதன் பவர் சப்ளைக்கு ஈஎன் 54-4 என்றும், திருட்டு எச்சரிக்கை அமைப்புகளின் பவர் சப்ளைக்கு ஈஎன் 50131-6 என்றும் தனித்தனியே இருப்பது காரணமில்லாமல் அல்ல.

நான்கு ஆண்டுகளில் ஒரு முறைகூட எங்கள் கதவு யாரும் அறியாமல் திறந்து கிடக்கவில்லை. பேட்டரி சாகப் போவதை முன்கூட்டியே சொன்ன ஒரே கருவி இதுதான். இவ்வளவும் எழுதிய பிறகு, இதை வாங்க வேண்டாம் என்று நண்பருக்குச் சொல்லிவிட்டேன். மூன்று விளக்குகளுக்கு மூன்று துளைகள் போட மனமில்லாதவர்களுக்கு இன்னொரு முறை பணம் தர எனக்கு மனமில்லை. அவரோ, பேட்டரிச் சோதனையைப் பற்றி எழுதிய பகுதியை மட்டும் படித்துவிட்டு, இதையே வாங்கிக்கொள்கிறேன் என்று பதில் அனுப்பியிருக்கிறார்.

நான் ஐந்து மாற்று ஃபியூஸ்களை வாங்கி, ஒரு சிறு உறையிலிட்டுப் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.