‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’: வடிவும் கதையும்

வெஸ் ஆண்டர்சனின் இந்தப் படம் (2014) கலை இயக்கம், உடை, ஒப்பனை, இசை என்று நாலு ஒஸ்கார் வாங்கியது. வடிவில் குறை சொல்ல முடியாது. அந்த வடிவு கதைக்கு உழைக்கிறதா? பெரும்பாலும் உழைக்கிறது.

கதை நடக்கும் மூன்று காலங்களுக்கும் சட்டகத்தின் அகல-உயர விகிதம் வேறு வேறு: 1930களில் நடக்கும் பகுதி 1.37:1, 1968 அகலத்திரை, 1985 1.85:1. ஜெர்மனியின் கோர்லிட்ஸில் பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடமொன்றுக்குள் கட்டிய அதே விடுதிக் கூடம், 1930களில் சிவப்பும் இளஞ்சிவப்புமாக மினுங்குகிறது, 1968இல் மங்கிய செம்மஞ்சளில் வெறிச்சோடிக் கிடக்கிறது. இடையில் என்ன தொலைந்தது என்று ஒருவரும் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை.

டிவியில் பார்ப்பவர்கள் கவனிக்க: 1930கள் பகுதியில் இரு பக்கமும் வரும் கறுப்புப் பட்டை பழுதல்ல. ‘ஸூம்’ போட்டு 16:9 திரையை நிரப்பினால் உயரத்தில் ஏறக்குறையக் கால்வாசி வெட்டுப்பட்டுப்போகும். தலைக்கு மேலே விட்ட வெளியில்தான் பல பகிடிகள் தங்கியிருக்கின்றன. டிவியின் பட அமைப்பில் ‘விவிட்’ வேண்டாம், ‘சினிமா’வில் விடுங்கள், இளஞ்சிவப்பு கண்ணைக் குத்தாது.

ரால்ஃப் ஃபைன்ஸ் நடிக்கும் விடுதிப் பொறுப்பாளர் குஸ்தாவ்தான் படத்தின் உயிர். வாசனை பூசி, கவிதை சொல்லிக்கொண்டிருக்கும் மனிசன் திடீரென்று தூசணத்தில் இறங்குவார். சட்டகம் அளவெடுத்ததுபோல் நிற்பதால்தான் அந்த உடைவு சிரிப்பாகிறது. இரண்டு ரயில் காட்சிகளையும் சேர்த்துப் பாருங்கள்: அதே பெட்டி, படையினரின் அதே ஆவணச் சோதனை. இரண்டாவதில் நிறம் போய்விடுகிறது; நெஞ்சு கனக்கிறது.

சறுக்கும் இடங்களும் உண்டு. பல விடுதிகளின் பொறுப்பாளர்கள் ஆளுக்காள் தொலைபேசியில் பேசும் தொடரில் தெரிந்த முகங்கள் வந்துபோகின்றன, கதை நகரவில்லை. பனிச்சறுக்குத் துரத்தல் சிற்றளவு மாதிரியுருக்களின் காட்சியறையாக நீள்கிறது. பேக்கரிப் பெண் அகதாவின் கன்னத்தில் மெக்சிகோ வரைபட வடிவிலிருக்கும் மச்சம் மனதில் நிற்கிற அளவுக்கு அவளின் மனசு நிற்கவில்லை. இதுதான் பெரிய குறை.

யாழ்ப்பாணத்தில் குறும்படம் எடுக்கும் இளையோர் இந்தப் பாணியைப் பழகலாம். நூலக முகப்பு அதற்கென்றே கட்டினதுபோல் சமச்சீரானது. கமராவை சுவருக்கு நேர் செங்குத்தாக, முக்காலியில், மட்டம் பார்த்து வையுங்கள். சற்றே திரும்பினாலும் படிக்கட்டு சரிந்து தெரியும். ஆனால் நடுவில் நிற்கிறவருக்கு ஏதோவொன்று அவசரமாக வேண்டியிருக்க வேணும். அது இல்லாவிட்டால் எடுத்தது தபாலட்டைதான். முதலில் வசனத்தையும் நோக்கத்தையும் எழுதி முடியுங்கள், நிறத்தைப் பிறகு தெரிவுசெய்யலாம்.