ஈஃபிள் கோபுரம்: லிஃப்டைவிடப் படியே மேல்

பாரிசில் படிப்பவர்கள் லிஃப்ட் டிக்கெட் கிடைக்கவில்லையென்று சோர வேண்டாம். இரண்டாம் தளம்வரை 674 படிகள் (முட்டிவலிக்காரர்கள் மன்னிக்க). கட்டணம் குறைவு, இரும்புச் சட்டங்களை இணைக்கும் ரிவெட்டு ஆணிகளை நின்று நிதானமாகப் பார்க்கலாம், லிஃப்டில் அது நடக்காது. இளையோர் கட்டணம் 12 முதல் 24 வயதுவரை. கல்லூரி அட்டை உதவாது, வயதைக் காட்டும் சான்றுதான் வேண்டும். உச்சிக்கு மட்டும் இரண்டாம் தளத்திலிருந்து லிஃப்ட்தான். காற்று பலமாக வீசினால் அதை மூடிவிடுவார்கள். கண்ணாடிப் புட்டி, பெரிய பெட்டி கொண்டுபோகாதீர்கள்: உள்ளே விடமாட்டார்கள், வைத்துப்போக இடமும் கிடையாது.

மேலே ஏறினால் கோபுரமே கண்ணில் படாது! அதைப் பார்க்கப் பாரிசிலேயே உள்ள வெற்றி வளைவின் (ஆர்க் து த்ரியோம்ஃப்) 284 படிகள் ஏறுங்கள். பிரான்சில் முறையான குடியிருப்பு விசாவோடு படிக்கும் 26 வயதுக்குட்பட்டோருக்கு அங்கே இலவசம்.