டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: டிரான்சிஷனை விட டிரிம் பெரிது

ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் விதங்களான டிரான்சிஷன்கள் பட்டியலாகக் குவிந்து கிடக்கின்றன. நெடுநாள் எடிட் செய்கிறவர்களின் கை அதில் கிராஸ் டிசால்வை (ஒரு காட்சி மங்கி அடுத்தது மெல்லத் தெரிவது) தாண்டிப் போவது அரிது. வேலையெல்லாம் கட் போடுவதிலும், போட்ட கட்டை ஓரிரு ஃபிரேம் நகர்த்துவதிலும்தான். அந்த இடத்தில் இந்த மென்பொருள் உண்மையிலேயே அருமை.

'டி' (T) விசையை அழுத்தினால் டிரிம் மோடு, அதாவது கட்டின் இடத்தைத் திருத்தும் நிலை. இரண்டு கிளிப்புக்கும் நடுவே பிடித்து இழுத்தால் ரோல்: கட் மட்டும் நகரும், மொத்த நீளம் மாறாது. ஒரு பக்க ஓரத்தை மட்டும் பிடித்தால் ரிப்பிள்: பின்னால் இருப்பவை அனைத்தும் சேர்ந்து நகரும். கமா, முற்றுப்புள்ளி விசைகள் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும்.

ஒருவர் நாற்காலியில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைடு ஷாட்டில் முழுதாக உட்கார்ந்த பிறகு குளோசப்புக்குப் போனால் கட் துருத்திக்கொண்டு தெரியும். முழங்கால் மடங்கும்போதே வெட்டினால் கண் அசைவின் பின்னால் போய்விடும், கட் மறையும். கணக்குப்படி சரியாகப் பொருத்தியும் உடம்பு தாவுவதுபோலத் தெரிந்தால், அடுத்த ஷாட்டில் அதே அசைவு 2, 3 ஃபிரேம் திரும்ப வரட்டும். புதுப் படத்தில் எங்கே பார்ப்பது என்று கண் தேடும் நேரத்தை அது ஈடுகட்டும்.

உரையாடலுக்கு ஜே கட். ஆல்ட் விசையோடு வீடியோ கட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, 8 முதல் 12 ஃபிரேம் வலப்பக்கம் ரோல் செய்தால் அடுத்தவர் குரல் முதலில் வரும், முகம் பிறகு வரும். ரிப்பிளில் இதைச் செய்யப் போனால் லிப் சிங்க் (உதட்டசைவும் ஒலியும் பொருந்துவது) போய்விடும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

டிசால்வுக்கு கண்ட்ரோல் + டி (T). இயல்பு நீளம் 1 விநாடி, அதாவது விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் (கிளிப்புகளை அடுக்கும் வரிசையில்) கட்டுக்கு இருபுறமும் 12 ஃபிரேம். அதற்குக் கட்டைத் தாண்டியும் கிளிப்பில் காட்சி மிச்சமிருக்க வேண்டும். இந்த மிச்சத்துக்குப் பெயர் ஹேண்டில். கிளிப்பை அதன் கடைசி ஃபிரேம் வரை பயன்படுத்தியிருந்தால் ஹேண்டில் இருக்காது. கிளிப்பை வெட்டிக்கொள்ளவா என்று மென்பொருள் கேட்கும். சரி என்றால் பார்த்துப் பார்த்து வைத்த கட் மாறிவிடும். அதற்குப் பதில் டிசால்வைச் சுருக்கலாம். ஷூட்டிங்கிலேயே நடிப்புக்கு முன்னும் பின்னும் 3 விநாடி கேமரா ஓடவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

ஃபிரேம் ரேட்டில், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதில், கவனம் வேண்டும். டைம்லைனில் காட்சிகளை வைத்த பிறகு அதன் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது. முதலிலேயே 24 அல்லது 25 என்று முடிவு செய்துவிடுங்கள். செல்போன் காட்சிகளில் ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும், நீண்ட ஷாட்டில் ஒலி மெல்ல விலகும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றி மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்.

லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264 என்ற வீடியோ வடிவிலுள்ள காட்சிகளைத் திறக்காது. விண்டோஸில் அந்தச் சிக்கல் இல்லை. ஏற்றுமதி 3840 x 2160, விநாடிக்கு 60 ஃபிரேம் வரை போகும். குறும்படத்துக்குக் காசு கொடுத்து ஸ்டூடியோ பதிப்பு வாங்கத் தேவையில்லை.