வாடி ரம்மா, ஸ்பிட்ஸ்கோப்பேயா? பாலைவனப் பாறைக்கு எங்கே போவது

பாலைவனத்தில் கயிறு கட்டிப் பாறை ஏற ஆசைப்படுபவர்களின் பட்டியலில் மூன்று பெயர்கள் அடிக்கடி வரும்: ஜோர்டானின் வாடி ரம், நமீபியாவின் ஸ்பிட்ஸ்கோப்பே, கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ. பலரும் படத்தைப் பார்த்து மயங்குகிறார்கள், அடுத்து ஏறுவழிகளின் கடினத் தரத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். எனக்கு அந்த வரிசையில் உடன்பாடு இல்லை. உச்சியிலிருந்து எப்படி இறங்கப்போகிறோம், தண்ணீர் எங்கிருந்து வரும், கால் முறிந்தால் எத்தனை மணி நேரத்தில் மருத்துவரைப் பார்ப்போம் என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் ஏறுவதைப் பற்றியே பேச வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஜோஷுவா ட்ரீ முதலிலேயே கழன்றுகொள்கிறது. அது மோசமான இடம் என்பதால் அல்ல. ஆயிரக்கணக்கான ஏறுவழிகளும் சொரசொரப்பான அருமையான பாறையும் கொண்ட தேசியப் பூங்கா அது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சில மணி நேரக் கார் பயணத்தில் போய்விடலாம். பெரும்பாலான பாறைகள் சாலையிலிருந்து நடக்கும் தொலைவில் நிற்கின்றன. வழிகளும் குட்டையானவை, ஒரு கயிற்று நீளத்தில் முடிந்துவிடும். பாலைவனப் பழக்கம் பெற நல்ல பள்ளிக்கூடம்தான், ஆனால் தொலைதூரப் பயணம் என்று அதைச் சொல்ல முடியாது. அங்கிருந்து ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் என்கிறது பூங்கா நிர்வாகம். அல்ஜீரியாவின் ஹொக்கார் மலைகளையும் சிலர் சொல்வார்கள். 1935-லேயே பிரெஞ்சு மலையேறிகள் போன எரிமலைக் கோபுரங்கள் அவை. உள்ளூர் நிறுவனமும் வழிகாட்டியும் இல்லாமல் அங்கே நகர முடியாது என்பதால் முதல் பயணத்துக்கு அதை விட்டுவிடலாம்.

மீதி இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி.

முதலில் கல். வாடி ரம் மணற்பாறை, ஸ்பிட்ஸ்கோப்பே கருங்கல். வாடி ரம் பாறைக்கு மேலே கருமை படிந்த கெட்டியான தோல் இருக்கும். அது உரிந்த இடத்தில் உள்ளே இருப்பது பல இடங்களில் கையால் தேய்த்தாலே உதிரும் மணல். எந்தப் பிடியையும் இழுப்பதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டும். மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம். மணற்பாறை ஈரத்தைக் குடித்து வலுவிழந்துவிடும், மேற்பரப்பு காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே காயாது. மழைக்குப் பிறகு ஓரிரு நாள் காத்திருப்பதற்கான இடைவெளியைத் திட்டத்திலேயே வைத்துவிடுங்கள். கர்நாடகத்தின் பாதாமியில் சிவப்பு மணற்பாறையில் போல்ட்டுக்குப் போல்ட் (பாறையில் துளையிட்டு நிரந்தரமாகப் பதித்த ஆணி) ஏறிப் பழகிய நம்பிக்கையை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. இங்கே போல்ட்டுகள் குறைவு. விரிசலுக்குள் கேமும் (விரிந்து இறுகிக்கொள்ளும் கருவி) நட்டும் (ஆப்பு போலச் சொருகும் உலோகத் துண்டு) நீங்களே வைக்க வேண்டும், பாறையின் இயற்கைத் துளைகளில் ஸ்லிங் எனும் நாடா வளையத்தைக் கோக்க வேண்டும்.

ஸ்பிட்ஸ்கோப்பே வேறு குணம். சமவெளியிலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் எழும்பி நிற்கும் கருங்கல் மலை அது. பிடிகளை நம்பாமல் காலணி ரப்பரின் உராய்வை நம்பி நடப்பதே இங்குள்ள பெரும்பாலான ஏற்றம். பெங்களூருக்குப் பக்கத்தில் சாவனதுர்காவிலோ ராமநகரத்திலோ பழகியவர்களுக்கு இந்தக் கால்வேலை சொந்த வீடு போல இருக்கும். ஆனால் இங்கேயும் போல்ட்டுகள் மிகத் தள்ளித்தள்ளி இருக்கின்றன. சறுக்கினால் கருங்கல் மீது நீண்ட தூரம் தேய்ந்துகொண்டே போக வேண்டியதுதான். கல்லின் உறுதியை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் ஸ்பிட்ஸ்கோப்பேக்கே என் ஓட்டு.

இறங்குவதில் கதை சிக்கலாகிறது. வாடி ரம்மில் ஜெபல் ரம் போன்ற மலையின் உச்சி ஒரு முனை அல்ல. குவிமாடங்களும் இடுக்குகளும் கலந்த பெரிய புதிர்ப் பரப்பு. ஏறும்போது கயிறு காப்பாற்றும், மேலே வந்த பிறகு வழி தெரியாமல் சுற்றும்போது காப்பாற்ற எதுவும் இல்லை. வெளிச்சம் போய்விட்டால் இரவு அங்கேதான். இந்த மலைகளில் பாலைவன நாடோடிகளான பெதூயின் வேட்டைக்காரர்கள் காட்டாடுகளைத் துரத்திக்கொண்டு கயிறே இல்லாமல் ஏறி இறங்கிய வழிகள் இருக்கின்றன. 1984 முதல் பிரிட்டிஷ் மலையேறிகள் அங்கே போய் அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அவற்றைப் பதிவு செய்தார்கள். ஹம்மாத், சப்பா என்று அந்த மனிதர்களின் பெயரிலேயே வழிகள் இன்றும் வழங்குகின்றன. ஆகவே முதல் இரண்டு நாள்களுக்கு உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துவதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். அவர் உங்களுக்கு விற்பது ஏறும் வித்தையை அல்ல, இறங்கும் வழியை.

ஸ்பிட்ஸ்கோப்பேயில் இறங்குவது அவ்வளவு புதிர் அல்ல, ஆனால் நேரம் விழுங்கும். 1946-இல் முதன்முதலில் ஏறப்பட்ட வழக்கமான வழியில்கூட பாறைகளுக்கிடையே உடலைத் திணித்து நுழைய வேண்டிய இடங்கள் உண்டு. விடியுமுன் கிளம்பாதவர்கள் இருட்டில் இறங்குவார்கள். இரண்டு இடத்துக்குமே 60 மீட்டர் அரைக்கயிறு (இணையாகப் பயன்படுத்தும் மெல்லிய கயிறு) இரண்டு கொண்டுபோவது நல்லது. ஒரு கயிறு சிக்கிக்கொண்டாலும் இன்னொன்று மிஞ்சும்.

தண்ணீர்க் கணக்கு ஸ்பிட்ஸ்கோப்பேயில்தான் கடிக்கிறது. சமூகக் குழு நடத்தும் முகாம் இருக்கிறது, ஆனால் தண்ணீருக்கு அதை நம்பிப் போகக் கூடாது. இருவர், ஐந்து நாள், ஆளுக்கு 4 லிட்டர் என்றால் குடிக்க மட்டும் 40 லிட்டர், அதாவது 40 கிலோ. சமையலையும் சேர்த்து 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ஓட்டும் வாடகை வண்டி இல்லாமல் இது நடக்காது. நமீபியாவில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பது ஆறுதல். சரளைச் சாலையில் டயர் வெடிப்பது அங்கே சாதாரணம். வண்டி எடுக்கும்போது மாற்றுச் சக்கரம் இரண்டு கேளுங்கள், அவற்றில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வாடி ரம்மில் இந்தத் தொல்லை இல்லை. ரம் கிராமத்தில் கடை உண்டு. முகாம் நடத்துபவர்களே ஜீப்பில் பாறையடியில் இறக்கிவிட்டு மாலையில் அழைத்துச் செல்வார்கள். நீங்கள் திரும்பவில்லை என்றால் தேட ஆரம்பிக்கும் ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் இதில் பெரிய லாபம்.

விபத்து நேர்ந்தால்? ரம் கிராமத்திலிருந்து அகபா நகரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஸ்பிட்ஸ்கோப்பேயிலிருந்து ஸ்வகோப்முண்ட் நகரம் அதைவிடத் தொலைவு, சாலையும் மோசம். இரண்டிலும் பாறையிலிருந்து கீழே கொண்டுவரும் வேலை பெரும்பாலும் உங்கள் குழுவின் தலையில்தான். பயணக் காப்பீட்டின் சிறு எழுத்துகளைப் படியுங்கள், கயிறு கட்டி ஏறுவதை விலக்கி வைக்கும் காப்பீடுகள் ஏராளம். செயற்கைக்கோள் தொலைபேசியை இங்கிருந்து எடுத்துச் செல்லும் யோசனை வேண்டாம். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டச் சிக்கல். போன இடத்தில் சட்டப்படி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

பருவத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று தோழமை. வாடி ரம்முக்கு மார்ச் இறுதி முதல் மே தொடக்கம் வரை, அல்லது அக்டோபர், நவம்பர். இலையுதிர்காலத்தில் போனால் திடீர் மழை வெள்ளம் குறுகிய இடுக்குகளுக்குள் பாயும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்பிட்ஸ்கோப்பேக்கு மே முதல் ஆகஸ்ட் வரை, அதாவது அங்கே குளிர்காலம். தெற்கு அரைக்கோளத்தில் வெயில் வடக்குச் சரிவில் விழும், நிழல் தெற்கில். நம் ஊர்ப் பழக்கத்தில் திசை பார்த்துத் தெற்கு முகத்தை வெயிலுக்கு என்று தேர்ந்தெடுத்தால் ஜூன் காலையில் விரல் மரத்துப்போகும்.

என் தீர்ப்பு ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. இருவர் மட்டும், வண்டி ஓட்ட விருப்பமில்லை, விரிசலில் கேம் வைக்கத் தெரியும் என்றால் வாடி ரம். நால்வர், ஒருவருக்காவது சரளைச் சாலையில் ஓட்டிய அனுபவம், கருங்கல் சரிவில் நிதானம் என்றால் ஸ்பிட்ஸ்கோப்பே. குழுவில் யாருக்குமே கேம் வைத்துப் பழக்கமில்லை என்றால் இந்த ஆண்டு இரண்டுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு செட் கேம் வாங்கி, அனுபவமுள்ள ஒருவரோடு தரைக்குப் பக்கத்திலேயே வைத்து எடுத்துப் பழகுங்கள். மணல் புகுந்தால் கேமின் பற்கள் சிக்கிக்கொள்ளும், அதைக் கழுவி எண்ணெயிடவும் அப்போதே கற்றுக்கொள்ளலாம்.