போனில் 250 ராண்டு, வாசலில் 4,140 ராண்டு: டர்பனில் லாக்ஸ்மித்தைக் கூப்பிடும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாத்திக்கொண்ட கதவைத் திறக்க வந்த லாக்ஸ்மித், அதாவது பூட்டுத் திறப்பவர், கொடுத்த பில் இப்படி இருந்தது. வந்து போக 250 ராண்டு. “ஹை செக்யூரிட்டி டிரில்லிங்” 1,200. புதுப் பூட்டு 1,650. நேரம் கடந்து வந்ததற்கு 500. கூட்டினால் 3,600. அதன்மேல் 15 சதவீதம் வாட், 540. ஆக மொத்தம் 4,140 ராண்டு. போனில் சொன்னதோ “250-லிருந்து” என்று மட்டும்தான்.

கதவைப் பார்த்தால் வயிறு எரியும். ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும் சாதாரண மரக்கதவு, அதில் ஒரு பழைய நைட் லாட்ச், அதாவது சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டது. சாவி உள்ளே மேசைமேல். யாரும் சாவி போட்டுப் பூட்டவில்லை. நைட் லாட்சின் நாக்கு ஒரு பக்கம் சரிவாக இருக்கும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே வளையும் பிளாஸ்டிக் தகட்டை விட்டு அந்தச் சரிவில் அழுத்தினால், நாக்கு உள்ளே போய்க் கதவு திறக்கும். தொழில் தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை, பூட்டில் ஒரு கீறலும் விழாது. இந்தக் கதவுக்கு டிரில்லை எடுத்தவர் ஒன்று வேலை தெரியாதவர், இல்லை நன்றாகத் தெரிந்தவர்.

வாசலில் நடக்கும் பேச்சும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். (‘பிக்’ என்பது சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கும் மெல்லிய கம்பி.)

“ஆன்ட்டி, இது ஹை செக்யூரிட்டி பூட்டு. பிக் போட்டுத் திறக்க முடியாது. டிரில் பண்ணித்தான் ஆகணும்.”

“அப்ப எவ்வளவு ஆகும், தம்பி?”

“முதல்ல திறப்போம் ஆன்ட்டி, அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறம் பாத்துக்கலாம்” என்ற சொல் வந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிட வேண்டும். பூட்டில் துளை விழுந்த பிறகு பேரம் பேச வழியே கிடையாது. உடைந்த பூட்டோடு ராத்திரி படுக்க யாருக்கும் துணிவு வராது என்று அவருக்குத் தெரியும்.

இது எப்படி நடக்கிறது என்றால், தேடலில் முதலில் வரும் விளம்பர எண் பல நேரம் உள்ளூர்க் கடையுடையது அல்ல. ஒரு கால் சென்டர் போனை எடுத்து, வேலையைக் கமிஷனுக்கு வெளியாள் ஒருவரிடம் தள்ளிவிடும். 250 ராண்டு வேலையில் கமிஷன் போனால் அவருக்குப் பெட்ரோல் காசுகூட மிஞ்சாது. ஆகவே வாசலில் நின்று விலையை ஏற்றினால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். “உங்கள் கடை எந்தத் தெருவில்?” என்று கேளுங்கள். “எல்லா ஏரியாவுக்கும் வருவோம்” என்பது பதில் ஆகாது. போனை எடுப்பவர் கடைப் பெயரைச் சொல்லாமல் வெறுமனே “லாக்ஸ்மித்” என்றால் அங்கேயே வைத்துவிடலாம்.

டிரில் எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. சிலிண்டருக்குள், அதாவது சாவி நுழையும் உருளைக்குள், ‘பின்’ என்ற சிறு ஊசி உடைந்து சிக்கினால், பிக்குக்கு இடம் கொடுக்காத உண்மையான ஹை செக்யூரிட்டி சிலிண்டராக இருந்தால், பிளஃப், இசிபிங்கோ கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் உள்ளே துருவேறி இறுகிப்போனால் டிரில்தான் வழி. ஆனால் அது கடைசி வழி. முதலில் பிக் முயற்சி நடந்ததா என்று பாருங்கள். வந்தவரின் பையில் பிக்குகளும் டென்ஷன் கம்பியும் இல்லாமல் டிரில் மட்டும் இருந்தால், அவர் வரும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார்.

டிரில் போடும்போது கீழே விழும் தூளைக் கவனியுங்கள். பித்தளை என்றால் மஞ்சளாக விழும், மலிவான துத்தநாகக் கலவை என்றால் சாம்பல் நிறம். டிரில்லைத் தடுக்கவென்றே கடின எஃகுப் பின் வைத்த சிலிண்டர் சுலபத்தில் வழிவிடாது. பிட் கீச்சிட்டு மழுங்கும், வழுக்கும். இரண்டே நிமிடத்தில் வெண்ணெய் மாதிரித் துளை விழுந்திருந்தால் அது ஹை செக்யூரிட்டி பூட்டு இல்லை. பில்லில் அந்தப் பெயரில் காசு போட்டிருந்தால் தூளையும் பழைய சிலிண்டரையும் போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

டிரில் போட்டாலும் முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. யூரோ சிலிண்டர் பூட்டில் கதவின் விளிம்பில், சாவித்துளைக்கு நேராக, ஒரே ஒரு நீள ஸ்குரூ இருக்கும். அதைக் கழற்றி, சிலிண்டரின் நடுவில் நீட்டிக்கொண்டு சுழலும் ‘கேம்’ என்ற முனை நேராக வரும்படி சற்றுத் திருப்பினால் சிலிண்டர் வெளியே வந்துவிடும். புதியதைப் போட்டு அதே ஸ்குரூவை முடுக்கினால் வேலை தீர்ந்தது. மரத்துக்குள் இருக்கும் பூட்டுப் பெட்டி, கைப்பிடி, தகடு எதற்கும் சேதம் கிடையாது. “டிரில் போட்டதால் எல்லாம் போச்சு, ஃபுல் செட் மாற்றணும்” என்பது காசு பண்ணும் பேச்சு. சிலிண்டரே இல்லாத, உள்ளே ‘லீவர்’ என்ற தகடுகள் கொண்ட பழைய லீவர் பூட்டு வேறு. இரண்டு லீவர், மூன்று லீவர் பூட்டு என்றால், உள்ளே எதுவும் உடைந்திராத வரை, அனுபவம் உள்ளவர் கம்பியிலேயே திறந்துவிடுவார். டிரில் போட அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

புது சிலிண்டர் வாங்கும்போது நீளம் முக்கியம். நடு ஸ்குரூத் துளையிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். 30/30 என்றால் மொத்தம் 60 மில்லிமீட்டர், 30/35 என்றால் 65. வெளிப்பக்கத் தகட்டைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் பிளையரில் பிடித்து ஒடித்துவிடலாம். ஸ்குரூத் துளை இருக்கும் இடம்தான் சிலிண்டரில் மிக மெலிந்த இடம். தன் வண்டியில் இருந்த ஏதோ ஓர் அளவை மாட்டிவிட்டுப் போகிறவர் திருடனுக்குத்தான் உதவி செய்துவிட்டுப் போகிறார். சாவிகள் மூடிய உறையில், பெட்டியோடு உங்கள் கையில் வர வேண்டும். திறந்த உறையிலிருந்து இரண்டு சாவி மட்டும் எடுத்துக் கொடுத்தால் மூன்றாவது எங்கே என்று கேளுங்கள். விலையுயர்ந்த பாதுகாப்பு சிலிண்டர் என்றால் சாவி நகல் எடுக்க ஓர் அட்டையும் கூடவே வரும். அட்டை இல்லை, முகப்பில் கம்பெனிப் பெயரும் இல்லை என்றால் அது அந்த விலைக்கான சரக்கு அல்ல.

விலைக்கு வருவோம். ஊர், தூரம், நேரம் பார்த்து மாறும் என்றாலும் டர்பன் சுற்றுவட்டாரத்தில் ஒரு மட்டு உண்டு. பகலில் சாதாரணப் பூட்டை உடைக்காமல் திறக்க, வந்து போகிற செலவும் சேர்த்து, ஏறத்தாழ 450 முதல் 900 ராண்டு. ராத்திரியில், ஞாயிற்றுக்கிழமையில், பொது விடுமுறையில் 800 முதல் 1,500. பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு வந்து வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டால் பகல் விலை கேட்க முடியாது. அது நியாயமான கூடுதல்தான், போனிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. சாதாரணப் பித்தளை சிலிண்டர் 150 முதல் 400, மூன்று லீவர் பூட்டு 200 முதல் 450, நல்ல பாதுகாப்பு சிலிண்டர் 900-க்கு மேல். இதே சிலிண்டரை ஹார்டுவேர் கடையில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம், மூன்று மடங்கு ஆகாது.

குடி வந்த புது வீட்டில் பழைய சாவி யார் யாரிடம் இருக்கிறதோ என்ற பயம் இருந்தால் பூட்டை மாற்ற வேண்டியதே இல்லை. சிலிண்டருக்குள் இருக்கும் ஐந்தாறு பின்களை மாற்றிப் புதுச் சாவிக்குப் பொருத்தித் தருவார்கள். நீங்களே சிலிண்டரைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனால் வந்து போகிற செலவும் மிச்சம்.

லாக்ஸ்மித்தே வேண்டாத சந்தர்ப்பமும் உண்டு. டர்பனின் ஈரக் காற்றில், மழைக்காலத்தில் மரக்கதவு உப்பும். கீல் தளர்ந்தால் கதவு தொங்கும். அப்போது பூட்டின் நாக்கு நிலையில் இருக்கும் தகட்டின் துளைக்கு நேராகப் போகாமல் விளிம்பில் இடிக்கும், சாவி திரும்பாது. கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சற்று மேலே தூக்கியோ, தன் பக்கம் இழுத்தோ சாவியைத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் பழுது பூட்டில் இல்லை. கீல் ஸ்குரூவை முடுக்கி, தகட்டின் துளையை அரத்தால் ஒரு மில்லிமீட்டர் ராவினால் போதும். இதற்குப் போய் “பூட்டு போச்சு” என்று புதியதை விற்பார்கள். அதுவும் அடுத்த மழையில் இதே மாதிரி இறுகும். சமையல் எண்ணெயைச் சாவித்துளையில் ஊற்றாதீர்கள், தூசியைப் பிடித்துப் பின்களை ஒட்டவைத்துவிடும். கிராஃபைட் தூள் போதும்.

கூப்பிடும்போது முதலில் நிலவரத்தைச் சொல்லுங்கள்: சாத்திக்கொண்டதா, சாவி போட்டுப் பூட்டியதா, சாவி உள்ளே ஒடிந்ததா, மரக்கதவா, இரும்பு செக்யூரிட்டி கேட்டா, இரண்டுமா. இரண்டு பூட்டு என்றால் இரண்டுக்கும் விலை கேளுங்கள். பூட்டின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிறகு ஒரே கேள்வி: “வந்து, உடைக்காமல் திறந்து, வாட் சேர்த்து மொத்தம் எவ்வளவு? டிரில் போட வேண்டி வந்தால் எவ்வளவு?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொழில் தெரிந்தவர் போட்டோவைப் பார்த்தே ஒரு தொகை சொல்லிவிடுவார். “வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்” என்று மூன்று தடவை சொல்பவரை விட்டுவிடுங்கள். அதற்கும் முன்னால் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியைப் பாருங்கள். பல பாலிசிகளில் ஹோம் அசிஸ்ட் என்ற பெயரில் லாக்ஸ்மித் செலவு ஓர் எல்லைவரை சேர்ந்தே இருக்கிறது. மாதாமாதம் காசு கட்டிக்கொண்டு அது தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

தென்னாப்பிரிக்காவில் லாக்ஸ்மித் வேலை யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதல்ல. தனியார் பாதுகாப்புத் துறைக்கான 2001-ஆம் ஆண்டின் 56-ஆம் சட்டத்தில் அது பாதுகாப்புச் சேவையாகவே வருகிறது. ஆகவே அந்தத் துறையை ஒழுங்குபடுத்தும் ‘பிசிரா’ ஆணையத்தில் பதிவு வேண்டும், பதிவுக்கு முன் குற்றப் பின்னணியும் பார்க்கிறார்கள். அடையாள அட்டையைக் கேளுங்கள், எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அவரும் உங்களைக் கேட்க வேண்டும்: இது உங்கள் வீடுதானா, ஐடி எங்கே, முகவரியுள்ள பில் எங்கே என்று. கோபப்படாதீர்கள். எதுவும் கேட்காமல் திறந்துவிடுகிறவர் நாளைக்கு வேறு யாருக்கும் உங்கள் கதவைத் திறந்துவிடுவார்.

நுகர்வோர் சட்டமும், அதாவது 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் சட்டம், உங்கள் பக்கம்தான். பழுது பார்க்கும் முன் மதிப்பீடு தர வேண்டும். நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் அதற்கு மேல் வாங்கக் கூடாது. கழற்றிய பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போட்ட பாகத்துக்கும் செய்த வேலைக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. வாட் விஷயம் தனி. சொல்லும் விலையிலேயே அது அடங்கியிருக்க வேண்டும். வாட் பதிவு எண் 10 இலக்கம், 4-இல் தொடங்கும். பில்லில் அந்த எண் இல்லாமல் 15 சதவீதம் போட்டிருந்தால் அந்த 540 ராண்டு நேராக அவர் பாக்கெட்டுக்குப் போகிறது.

வாசலில் நின்று மிரட்டினால், கதவை மறித்தால் போலீஸுக்கு, 10111-க்குப் போன் செய்கிறேன் என்று சொல்லுங்கள், செய்யவும் செய்யுங்கள். கட்டாயம் கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால் ரொக்கமாகக் கொடுக்காமல் கார்டிலோ வங்கி மாற்றத்திலோ கொடுங்கள். யார் கணக்குக்குப் போனது என்பதாவது பதிவில் இருக்கும். பில்லில் “ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது” என்று எழுதி, வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்று வழி இருக்கிறது. பிசிராவில் ஒரு புகார். நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், இன்னொரு புகார். பணம் திரும்ப வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருக்கும், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். அங்கே 20,000 ராண்டு வரை வழக்குப் போடலாம், வக்கீல் யாரும் உங்களுக்காகப் பேச முடியாது, எதிராளிக்கும் அப்படியே. முதலில் 14 நாள் கெடு வைத்து எழுத்தில் பணம் கேட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல், வாட்ஸ்அப்பில் சொன்ன விலை, பில், வங்கிச் சீட்டு, துளை போட்ட பழைய சிலிண்டர் இவற்றோடு கோர்ட் கிளார்க்கிடம் போனால் சம்மன் எழுதுவதற்கு அவரே உதவுவார். எதிராளியின் பெயரும் முகவரியும் இல்லாமல் சம்மன் கொடுக்க முடியாது. ஆகவே பில்லில் தெரு முகவரி இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.