லேமியேசி குடும்பத்துக்கென்றே ஒரு நாற்றுப்பண்ணை: செடிகள் அருமை, பெயர்ச்சீட்டுகள் கவனிக்கப்பட வேண்டும்

மணச்செடிகள் விற்கும் நாற்றுப்பண்ணைகள் கோவை வட்டாரத்தில் பல உண்டு. ஆனால் துளசியும் புதினாவும் கற்பூரவல்லியும் அடங்கிய லேமியேசி குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உள்ளூர்ச் செடிகளையும் மத்தியதரைக் கடலோரத்துச் செடிகளையும் ஒரே நிழல்வலையின் கீழ் வளர்த்து விற்கும் இடமென்று நான் அறிந்தது, மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஒரு குடும்பத்தார் நடத்திவரும் இந்தச் சிறிய பண்ணையைத்தான். எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். செடிகளின் தரத்தைத் தயங்காமல் பாராட்டுவேன். பெயர்ச்சீட்டுகளைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. இந்தக் குடும்பத்துச் செடிகளை வாங்குபவர் நம்பியிருப்பது மணத்தையும் பெயரையும்தான். பெயரில் நேரும் பிழை, சரியான மணத்தின் பயனையும் கெடுத்துவிடும்.

லேமியேசி மிகப் பெரிய குடும்பம். உலகெங்கும் ஏறத்தாழ 7,000 சிற்றினங்கள், 230-க்கும் மேற்பட்ட பேரினங்களில் பரவியுள்ளன. நான்கு பட்டையான தண்டு, ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலைகள், அடுத்த கணுவில் அதற்குக் குறுக்காக இரண்டு இலைகள், மேலுதடும் கீழுதடுமாகப் பிரிந்த பூ, ஒவ்வொரு பூவுக்கும் பெரும்பாலும் நான்கு சிறு கொட்டைகள் என்ற அடையாளங்களைக் கொண்டு இவற்றுள் பலவற்றைக் கண்ணாலேயே இனங்காணலாம். மணம் இருக்கும் இடம் இலையின் வெளிப்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகள். பண்ணையின் நுழைவாயில் மேசையில் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்சு ஒன்றை நூலில் கட்டி வைத்திருக்கிறார்கள். இதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். புதினா இலையைத் திருப்பிப் பிடித்து அதன் வழியே பார்த்தால், அடிப்பக்கத்தில் நரம்புகளுக்கிடையே மஞ்சள் ஒளியுடன் சிறு புள்ளிகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் எண்ணெய் நிரம்பிய ஒரு சுரப்பி. மெல்லிய மேல்தோல் கிழியும்போதுதான் எண்ணெய் வெளியேறுகிறது என்பதால், இலையைக் கசக்காமல் மோந்து பார்ப்பதில் பயன் அதிகமில்லை. “கிள்ளிக் கசக்கிப் பாருங்க, மணம் புடிச்சா மட்டும் எடுங்க” என்று அங்கே வேலை செய்யும் அம்மா வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். விற்பனைச் செடியின் இலையைக் கிள்ள அனுமதிக்கும் பண்ணைகள் மிகக் குறைவு. இங்கே அதற்கென்றே வரிசையின் முனையில் ஒரு தாய்ச்செடியை விட்டுவைத்திருக்கிறார்கள்.

புதினா வரிசைதான் பண்ணையின் பெருமை. சமையலுக்கான சாதாரணப் புதினா, இலை முழுவதும் மென்மயிர் போர்த்திய ஆப்பிள் புதினா, வெள்ளை விளிம்பு கொண்ட அன்னாசிப் புதினா, பெப்பர்மின்ட், உத்தரப் பிரதேசத்தில் மென்தால் எடுப்பதற்காகப் பெருமளவு பயிரிடப்படும் ஜப்பானியப் புதினா ஆகியவை தனித்தனிச் சிமெண்டுத் தொட்டிகளில் வளர்கின்றன. கடைசியாகச் சொன்னதில், லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் வெளியிட்ட ‘கோசி’ ரகத்தை வைத்திருப்பதாகச் சீட்டு கூறுகிறது. சமையல் புதினாவையும் ஜப்பானியப் புதினாவையும் அடுத்தடுத்துக் கசக்கிப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். முன்னதன் இனிய மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற எண்ணெய்ப் பொருள். பின்னதன் குளிர்ச்சிக்குக் காரணம் மென்தால். மென்தால் உண்மையில் எதையும் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஒரு புரதத்தைத் தூண்டிவிடுவதால் மூளை அதைக் குளிர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தைக் கண்டறிந்ததும் 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களின் பணிகளுள் ஒன்று.

பெப்பர்மின்ட் விதைப் பொட்டலம் இங்கே விற்பதில்லை என்பதை முக்கியமாகக் குறிப்பிட வேண்டும். பெப்பர்மின்ட் என்பது நீர்ப்புதினாவும் சமையல் புதினாவும் கலந்து பிறந்த கலப்பினம்; பொதுவாக அதில் முளைக்கும் விதை உருவாவதில்லை. ஆகவே இணையத்தில் பெப்பர்மின்ட் விதை என்று விற்கப்படுவதை வாங்கி விதைத்தால் வேறு ஏதோ ஒரு புதினா முளைக்கவே வாய்ப்பு அதிகம். ஓடுதண்டையோ தண்டுக் குச்சியையோ வெட்டி நட்டால் மட்டுமே தாய்ச்செடியின் மணம் மாறாமல் வரும். பண்ணையில் எல்லாப் புதினாக்களையும் இப்படித்தான் பெருக்குகிறார்கள். ஒன்றின் ஓடுதண்டு மற்றொன்றின் தொட்டிக்குள் புகாதபடி தொட்டிகளுக்கிடையே நல்ல இடைவெளியும் விட்டிருக்கிறார்கள். புதினாவைத் தரையில் கலந்து நட்டு, ஓராண்டுக்குப் பின் எது எதுவென்று தெரியாமல் விற்கும் பண்ணைகளோடு ஒப்பிட்டால் இந்த ஒழுங்கின் அருமை புரியும்.

குச்சி நடும் முறையை அருகில் நின்று பார்க்க விட்டார்கள். பூக்காத இளந்தண்டில் நான்கு கணு அளவுக்கு எடுத்து, கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஆற்றுமணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த குழித்தட்டில் இரண்டு கணு புதையும்படி செருகுகிறார்கள். பிறகு தட்டுகளை இரட்டை நிழல்வலையின் கீழ் வைத்துக் காலையும் மாலையும் பூவாளியால் தெளிக்கிறார்கள். கற்பூரவல்லியும் புதினாவும் விரைவாக வேர்விடும். ரோஸ்மேரிக்கு வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். வேர் போதிய அளவு வந்ததா என்று பார்க்கத் தட்டின் அடித்துளை வழியே வெள்ளை வேர்முனை தெரிகிறதா என்று ஒவ்வொன்றாக உயர்த்திப் பார்த்த பிறகுதான் பைக்கு மாற்றுகிறார்கள். நான் வாங்கிய செடிகளின் பையைப் பிரித்தபோது வேர்கள் சுருண்டு இறுகிப்போகாமல் மண்ணோடு நன்றாகப் பிடித்திருந்ததற்கு இந்தப் பொறுமையே காரணம்.

துளசி வரிசையில் இதே கவனம் இல்லை. பச்சைத் துளசி, கருந்துளசி, கஞ்சாங்கோரை, கிராம்பு மணக்கும் பெரிய துளசி, கற்பூரத் துளசி, திருநீற்றுப்பச்சிலை, அதன் அயல்நாட்டு உறவான இத்தாலியச் சமையல் துளசி என்று வகைகள் நிறைய உள்ளன. கருந்துளசியின் யூஜினால் மணமும் (கிராம்பில் உள்ள அதே எண்ணெய்ப் பொருள்), கற்பூரத் துளசியின் தூய கற்பூர மணமும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் திருநீற்றுப்பச்சிலையையும் இத்தாலியத் துளசியையும் அருகருகே பூக்கவிட்டு, அவற்றிலிருந்தே விதை எடுத்து நாற்றுவிடுகிறார்கள். இவை இரண்டும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. தேனீக்கள் மகரந்தத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும்போது அடுத்த தலைமுறை கலந்துவிடுகிறது. இத்தாலியத் துளசி என்று எழுதிய தட்டில் அகன்ற பச்சை இலை நாற்றுகளுக்கிடையே ஊதாத் தண்டும் குறுகிய இலையும் கொண்ட நாற்றுகள் நின்றன. கசக்கிப் பார்த்தபோது சிலவற்றில் சோம்பை ஒத்த மணம் தூக்கலாக இருந்தது. சப்ஜா விதைக்காக வளர்ப்பவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. இலைக்காக வாங்குபவருக்கு இது ஏமாற்றமே. ஒவ்வொரு வகையிலும் ஒரு செடியைக் கொசுவலையால் மூடி விதைக்கு விடுவதோ, இவற்றையும் குச்சி மூலம் பெருக்குவதோ அவர்களுக்குச் சிரமமாக இருக்காது.

பெயர்ச்சீட்டுப் பிழைகளில் மூன்று என் கண்ணில் பட்டன. தடித்த சதைப்பற்றுள்ள இலை கொண்ட கற்பூரவல்லியின் ஒரு வெள்ளை விளிம்பு வகைக்கு ‘ஆரிகனோ’ என்று சீட்டு வைத்திருக்கிறார்கள். உண்மையான ஆரிகனோ இரண்டு வரிசை தள்ளி, அதே பெயரோடு நிற்கிறது. இரண்டிலும் கார்வக்ரால் என்ற பொருள் இருப்பதால் மணத்தில் நெருக்கம் உண்டு. ஓமத்தில் மிகுந்துள்ள தைமாலும் இதற்கு மிக நெருங்கியது என்பதால்தான் கற்பூரவல்லி நம் வீடுகளில் ஓமவல்லி என்றும் வழங்குகிறது. ஆனால் ஒன்று பஜ்ஜிக்கும் கஷாயத்துக்கும் ஏற்ற நீர்ச்சத்து மிகுந்த இலை, மற்றொன்று உலர்த்திப் பொடித்துத் தூவும் சிற்றிலை. பெயரை நம்பி வாங்குபவர் பீட்சாவின் மீது கற்பூரவல்லியை உலர்த்தித் தூவ முயல்வார்.

தைம் செடியில் இரண்டு வகைகள் ஒரே பெயரில் உள்ளன. ஒன்று தெளிவாக எலுமிச்சை மணப்பது, மற்றொன்று காரமான தைமால் மணம் கொண்டது. இந்தச் செடியில் மணத்தைக் குறிப்பிடாமல் விற்பது சரியல்ல. தென் பிரான்சில் தானாக வளரும் ஒரே தைம் சிற்றினத்துக்குள்ளேயே, எண்ணெயின் முதன்மைப் பொருளை வைத்து ஆறு வேதி வகைகளைத் தாவரவியலாளர் பிரித்திருக்கிறார்கள். தோற்றத்தால் அவற்றைப் பிரித்தறிவது கடினம், மூக்குக்கோ ஒன்றில் பூமணம், மற்றொன்றில் மருந்து நெடி.

மூன்றாவது பிழைதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. பூக்கட்டுபவர்கள் கதம்பத்தில் சேர்க்கும் மருவையும் மருக்கொழுந்தையும் ஒரே தட்டில் கலந்து, இரண்டுக்கும் மரு என்றே எழுதியிருக்கிறார்கள். மரு இந்தக் குடும்பத்துச் செடி, ஆரிகனோவின் உடன்பிறப்பு; சிறிய முட்டை வடிவ இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். தவனம் என்றும் அழைக்கப்படும் மருக்கொழுந்து சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை நுணுக்கமாகக் கிழிந்து, தண்டில் மாறிமாறி அமையும். தண்டை விரலிடையே உருட்டினாலே நான்கு பட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இந்தக் குடும்பத்தை மட்டுமே வளர்க்கிறோம் என்று சொல்லும் பண்ணையில் இப்படி நடக்கக் கூடாது. இவற்றைச் சுட்டிக்காட்டியபோது உரிமையாளர் மறுக்காமல் குறித்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் இந்தப் பண்ணையைப் பரிந்துரைக்க எனக்குள்ள முதன்மைக் காரணம், பின்புற மணல் பாத்தியில் இருக்கும் விலாமிச்சு. மற்ற மணச்செடிகளில் இலையைத் தேடும் நாம் இதில் வேரைத் தேட வேண்டும். சித்த மருத்துவத்திலும் கோயில் மாலைகளிலும் இடம்பெற்ற இந்த வேருக்குரிய செடி, பயிர்நிலையில் மட்டுமே அறியப்படுவது. காட்டில் தானாக வளர்வதாகத் தெரியவில்லை. பயிரிடுவோர் கைவிட்டால் அது இல்லாமலே போய்விடும். வெட்டிவேர் ஒரு புல்லின் வேர், அதை எங்கும் வாங்கலாம்; விலாமிச்சு நாற்றுக்கு அலைய வேண்டியிருக்கிறது. பாத்தியின் ஓரத்தில் ஒரு செடியைக் கிளறி எனக்கு வேரைக் காட்டினார்கள்: நூலிழைபோன்ற வைக்கோல் நிற வேர்கள் அடர்ந்து தொங்க, ஈரமணலை உதறியதும் மண்வாசனைக்கு மேலாகக் குளிர்ந்த ஓர் இனிய மணம் எழுந்தது. விலாமிச்சு அடங்கும் கோலியஸ் பேரினத்தின் மற்ற உறவுகளான, சேலம் மாவட்டத்தில் கிழங்குக்காகப் பயிரிடப்படும் மருந்துக் கூர்க்கனும், திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் நாளில் சமைக்கப்படும் சிறுகிழங்கும் அடுத்த பாத்திகளில் உள்ளன. வேரிலும் கிழங்கிலும் ஒரு பேரினம் எத்தனை வகையாக விரிகிறது என்பதை மூன்று பாத்திகளில் காட்டும் இந்த ஏற்பாடு, கல்லூரி மாணவர்களை அழைத்துப்போய்க் காட்டத் தகுந்தது.

பச்சோலியும் அருகிலேயே இருக்கிறது. பச்சை இலையில் மணம் மெலிதாக இருப்பதால் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். உலர்த்தி வைத்த இலைக் கட்டு ஒன்றையும் உடன் தொங்கவிட்டிருப்பதால், உலர்ந்த பின் எழும் கனத்த மணத்தை அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

மலைச்செடிகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. நீலகிரியில் நன்றாக விளையும் ரோஸ்மேரி, சமவெளிக்கு வந்த பின்னும் வடிகால் சரியாக இருந்தால் பிழைத்துக்கொள்கிறது. இங்கே மணலும் சரளையும் மிகுந்த கலவையில் வளர்த்துத் தருவதால் என்னிடமுள்ள செடி தளிர்விட்டு நிற்கிறது. ஆங்கில லாவெண்டர் அப்படியில்லை. கூரியரில் வந்த லாவெண்டர் இரண்டும் பெட்டிக்குள்ளேயே சாம்பல் பூத்து அழுகியிருந்தன. புகைப்படம் அனுப்பியதும் கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள். சென்னை போன்ற ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊர்களுக்கு அந்தச் செடியை அனுப்பாமலிருப்பதே முறை. புதினாவையும் கற்பூரவல்லியையும் ஈரச் செய்தித்தாளில் வேரை மட்டும் சுற்றி, துளையிட்ட அட்டைப்பெட்டியில் அனுப்புகிறார்கள். அவை வாடாமல் வந்து சேர்ந்தன.

பண்ணையின் வேலி முழுவதும் நொச்சி. அதுவும் இதே குடும்பம்தான். முன்பு வேறு குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த நொச்சியையும் தேக்கையும் குமிழையும் தாவரவியலாளர் 1990-களின் ஆய்வுகளுக்குப் பின் இதனுள் கொண்டுவந்தார்கள். நொச்சியின் இளங்கிளையைத் தடவிப் பார்த்தால் அங்கேயும் நான்கு பட்டை கைக்குத் தட்டுப்படும். நெல் குதிருக்குள் பூச்சிக்குப் போடுவதும் ஆவிபிடிப்பதும் அதன் இலையைத்தான். பேய்மிரட்டியும் தும்பையும் வரப்போரத்தில் தானாக முளைத்துக் கிடக்கின்றன. இவற்றையும் நாற்றாக்கிச் சீட்டுடன் வைத்தால் வாங்க ஆள் இருக்கும் என்றே நினைக்கிறேன், நான் வாங்குவேன்.

புதினா வகைகள் ஒரு பை 40 ரூபாய், துளசி வகைகள் 30, ரோஸ்மேரி 80, விலாமிச்சு 60. மேட்டுப்பாளையச் சந்தை விலையைவிடச் சற்றுக் கூடுதல்தான், ஆனால் வேர்பிடித்த செடிக்கு இது நியாயமான விலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை மட்டுமே திறந்திருக்கும். விலாமிச்சு நாற்று மழைக்காலத்துக்குப் பிறகே கிடைக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மரு வாங்குபவர்கள் தண்டை உருட்டிப் பார்த்து எடுக்கவும்.